துண்டுச் சீட்டு மனிதர் தாயிச்சி ஓனோ



பேக்லாக் என்ற வார்த்தையைக் கேட்டாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். நமக்கு அது அரியர் பேப்பர். ஆனால் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வேலைக்குப் போன நம் சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஊரில் பேக்லாக் என்றால் வேறு. ஒரு டீம் இன்னும் செய்யாத, ஆனால் செய்ய வேண்டிய வேலைகளை எல்லாம் முக்கியமானது மேலே, மற்றது கீழே என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கும் பட்டியல்தான் ப்ராடக்ட் பேக்லாக். அதிலிருந்து எடுத்துத்தான் வேலையே தொடங்குமாம். அந்தப் பட்டியல் ஒழுங்காக இருந்தால் டீம் பிழைக்கும். அது குப்பைத்தொட்டியாகிப் போனால் எத்தனை கெட்டிக்காரர்கள் இருந்தும் பயனில்லை.

இந்தப் பட்டியலை எப்படி ஆரோக்கியமாக வைத்திருப்பது என்று ஆயிரம் பேர் வகுப்பு எடுக்கிறார்கள். அந்த வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பெயர், வாழ்நாளெல்லாம் இரும்பும் ஆயிலும் மணக்கும் மெஷின் ஷாப்பில் நின்ற ஒருவருடையது. சாஃப்ட்வேர் அவர் தொழிலே இல்லை. மெக்கானிக்கல் பிரிவுத் தோழர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். அவர் நம்ம ஆள்! அவர்தான் தாயிச்சி ஓனோ.

ஓனோ 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று சீனாவில் உள்ள டாலியன் நகரத்தில் பிறந்தார். அப்போது அந்த ஊர் ஜப்பான்காரர்கள் கையில் இருந்தது. பிறந்த தேதியைக் கவனித்தீர்களா? 78 வருஷம் வாழ்ந்த மனிதருக்கு மொத்தம் 19 பிறந்தநாள்தான் வந்தது. நகோயா தொழில்நுட்பப் பள்ளியில் மெக்கானிக்கல் பிரிவு படித்து 1932-ல் வெளியே வந்தார். உலகம் முழுக்கப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். கிடைத்த வேலை டொயோடா குடும்பத்தாரின் நூற்பு, நெசவு ஆலையில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். டொயோடா குடும்பத்துப் பெரியவர் சாக்கிச்சி டொயோடா தறியில் பெரிய வித்தைக்காரர். அவர் 1924-ல் முடித்த தானியங்கித் தறியில் ஒரு நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். இதன் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். எங்கள் ஊர்ப் பழைய தறிகளில் பாவு நூல் அறுந்தாலும் தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அப்பா பார்த்து ஓடிப்போய் நிறுத்துவதற்குள் அரை முழம் துணி பாழ். அதனால் கண்ணைத் தறியை விட்டு எடுக்கவே முடியாது. தானாக நிற்கும் தறி என்றால் ஒரு ஆள் பல தறிகளைப் பார்க்கலாம், கெட்ட துணியும் உருவாகாது. தப்பு நடந்தால் அங்கேயே நிறுத்து, தப்பின் மேல் தப்பாக அடுக்காதே என்ற பாடத்தை ஓனோ புத்தகத்தில் படிக்கவில்லை, தறிக்கூடத்தில் படித்தார்.

1943-ல் அவரை டொயோட்டா மோட்டார் கம்பெனிக்கு மாற்றினார்கள். 1945-ல் ஜப்பான் போரில் தோற்றது. கம்பெனியை நடத்திய கீச்சிரோ டொயோடா (சாக்கிச்சியின் மகன்), மூன்று வருஷத்தில் அமெரிக்காவை எட்டிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜப்பானில் கார் தொழிலே இருக்காது என்று சொல்லிவிட்டார். ஓனோவுக்குப் பழைய கணக்கு ஒன்று மண்டையில் ஓடியது. ஒரு அமெரிக்கத் தொழிலாளி செய்வதைச் செய்ய ஒன்பது ஜப்பானியர் வேண்டும் என்று போருக்கு முன்னால் அவர் கேள்விப்பட்டிருந்தார். அமெரிக்கன் என்ன ஒன்பது மடங்கு பலசாலியா? இருக்க முடியாது. அப்படியென்றால் நம் ஆட்கள் எங்கேயோ உழைப்பை வீணாக்குகிறார்கள். அந்த வீணைக் கண்டுபிடிப்பதே தன் வேலை என்று முடிவு செய்தார்.

அப்போது டொயோட்டாவில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. மாதத்தின் முதல் பாதியில் பார்ட்ஸ் முழுசாக வந்து சேராது, அசெம்பிளி ஆட்கள் சும்மா நிற்பார்கள். கடைசி நாட்களில் எல்லாம் மொத்தமாக வந்து குவியும், மாதத்து வண்டிகளை எல்லாம் அடித்துப் பிடித்து முடிப்பார்கள். ரெக்கார்ட் நோட்டை சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி மொத்தமாக எழுதும் நமக்கு இது புரியாமல் போகுமா!

1949-ல் அடி விழுந்தது. நாட்டில் பணப்புழக்கம் வற்றி, செய்த வண்டிகளை வாங்கப் பணமுள்ள ஆள் இல்லை. கடன் கழுத்தை நெரித்தது. 1950-ல் ஆட்குறைப்பு, அதை எதிர்த்து வேலைநிறுத்தம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியேறினார்கள். பொறுப்பேற்று கீச்சிரோவும் பதவி விலகினார். அந்த ஜூன் மாதமே கொரியப் போர் தொடங்கி, அமெரிக்க ராணுவத்தின் லாரி ஆர்டர் வந்து கம்பெனி தப்பித்தது. யாரோ ஒரு நாட்டின் ரத்தத்தில் பிழைத்த பிழைப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விற்குமா என்று தெரியாமல் செய்து குவித்தது எப்படிக் கம்பெனியை முழுங்கப் பார்த்தது என்பதை ஓனோ அருகில் நின்று பார்த்தார். குவியல் என்றாலே அவருக்கு ஆகாமல் போனது இதனால்தான் என்பது என் எண்ணம்.

தீர்வு எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கார் ஃபேக்டரியிலிருந்து அல்ல, அமெரிக்க மளிகைக் கடையிலிருந்து! சூப்பர் மார்க்கெட் பற்றி 1940-களின் கடைசியிலேயே ஓனோ கேள்விப்பட்டு யோசித்துக் கொண்டிருந்தார். 1956-ல் அமெரிக்கா போனபோது நேரிலேயே பார்த்தார். அங்கே வாடிக்கையாளர் தனக்குத் தேவையானதை, தேவையான அளவு தானே எடுத்துக் கொள்கிறார். கடைக்காரர் காலியான இடத்தை மட்டும் நிரப்புகிறார். ஓனோ இதைத் திருப்பிப் போட்டார். ஃபேக்டரியில் அடுத்த ஷாப்தான் வாடிக்கையாளர். முந்தைய ஷாப் என்பது கடை. முந்தைய ஷாப் தன் இஷ்டத்துக்குச் செய்து அடுத்தவன் தலையில் தள்ளக்கூடாது. அடுத்தவன் வந்து எடுத்த பிறகு, எடுத்த அளவு மட்டும் செய்ய வேண்டும். 1953 வாக்கில் தன் மெஷின் ஷாப்பில் இதை ஓட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்தவன் எவ்வளவு எடுத்தான் என்று முந்தையவனுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் துண்டுச் சீட்டு. ஜப்பானிய மொழியில் கன்பான். பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சாதாரணச் சீட்டு. என்ன பார்ட், எத்தனை, எங்கிருந்து, எங்கே என்று எழுதியிருக்கும். பார்ட்ஸ் பெட்டியோடு சேர்ந்தே வரும். பெட்டியை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கும்போது சீட்டைக் கழற்றி வைப்பார்கள். கழற்றிய சீட்டு திரும்பிப் போகும். சீட்டு வந்தால் அடுத்த பெட்டி தயாராகும், வராவிட்டால் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்கலாம். சீட்டில்லாமல் ஒரு போல்ட் கூடச் செய்யக்கூடாது, ஓரடி கூட நகர்த்தக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்!

கேட்க சுலபம். செய்ய முடிந்ததா? கம்பெனி முழுக்க கன்பான் பரவ 1962 ஆயிற்று. ஏறக்குறைய பத்து வருஷம். சும்மா நிற்பதைவிட ஏதாவது செய்து வைத்தால் நல்லதுதானே என்றுதான் எந்த ஃபோர்மேனுக்கும் தோன்றும். நம் வீட்டிலும் அப்படித்தானே, கை சும்மா இருக்கக்கூடாது என்பார்கள். ஓனோ நேர் எதிராகச் சொன்னார். வீண் ஏழு வகை என்று பிரித்தார். காத்திருப்பது, வீணாகச் சுமந்து நகர்த்துவது, தேவைக்கு மேல் இழைப்பது, இருப்பு வைப்பது, வீண் அசைவு, கெட்ட பார்ட் செய்வது, இவற்றோடு அளவுக்கு மேல் செய்து தள்ளுவது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அது மற்ற வீண்களை எல்லாம் மூடி மறைத்துவிடும் என்றார்.

அது எப்படி மறைக்கும்? கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும்போது உள்ளே என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கோடையில் வற்றினால்தான் உடைந்த குடமும் கல்லும் முள்ளும் தெரியும். ஓனோ வேண்டுமென்றே கிணற்றை வற்ற வைத்தார். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் சுற்றிலிருக்கும் சீட்டுகளில் சிலவற்றைப் பிடுங்கி எடுத்துவிடுவார். உடனே எங்கோ ஒரு இடம் திக்கும். அங்கேதான் கோளாறு. அதைச் சரி செய்வார்கள். மறுபடி ஓடும். மறுபடி சில சீட்டு குறையும்.

பெரிய பிரஸ்களில் டை மாற்ற 1940-களில் இரண்டு மூன்று மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் ஒரு டையை மாட்டினால் மாதக்கணக்குக்குத் தேவையானதை அடித்துத் தள்ளிவிடுவது வழக்கம். இருப்பு வைக்கக் கூடாது என்றதும்தான் டை மாற்றும் நேரம் ஒரு பிரச்னையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. 1970 வாக்கில் அதே வேலை 3 நிமிஷத்துக்கு வந்துவிட்டது. சின்னச் சின்ன அளவாகச் செய்வது அதற்குப் பிறகுதான் கட்டுப்படியானது.

மனிதர் பழகக் கடுமையானவர். தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, இன்ஜினீயரை அதற்குள் நிற்க வைத்துவிட்டு, எதிரில் நடப்பதைப் பார் என்று போய்விடுவாராம். மணிக்கணக்கில் கழித்து வந்து என்ன பார்த்தாய் என்று கேட்பாராம். சரியாகச் சொல்லாவிட்டால் இன்னும் நில். இதை அவர் சீடர்கள் பெருமையாகவே சொல்லிக் கொள்கிறார்கள். ஒரு கோளாறுக்கு ஐந்து முறை ஏன் என்று கேட்பது அவரது இன்னொரு பழக்கம். மெஷின் ஏன் நின்றது? ஃப்யூஸ் போயிற்று. ஏன்? லோடு கூடிவிட்டது, காரணம் பேரிங்கில் ஆயில் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக ஏற்றவில்லை. ஏன்? பம்ப் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது. முதல் பதிலோடு நிறுத்தியவன் வாராவாரம் ஃப்யூஸ் மாற்றிக் கொண்டிருப்பான். கடைசிவரை போனவன் ஒரு வடிகட்டி போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பான்.

எதிர்ப்பு இல்லாமலா? லேத் ஓட்டுகிறவன் லேத் மட்டும், மில்லிங் ஓட்டுகிறவன் மில்லிங் மட்டும் என்று இருந்தவர்களை, 1947 முதல் ஒரு ஆளுக்கு இரண்டு மெஷின், பிறகு மூன்று, நான்கு என்று ஆக்கினார். தொழிலாளிகளுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். கம்பெனிக்குள் இது டொயோட்டா முறை என்று பெயர் பெறுவதற்கு முன்னால் ஓனோ முறை என்றுதான் அழைக்கப்பட்டது. அந்தப் பெயரில் பாராட்டு மட்டும் இருந்திருக்காது. பின்னால் நின்று தாங்கிப் பிடித்தவர் எய்ஜி டொயோடா.

நாம் மாணவர் சங்க மலரில் எழுதுவதால் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. சாத்தோஷி கமாத்தா என்ற பத்திரிகையாளர் 1972-ல் டொயோட்டாவில் சில மாதத் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து வேலை செய்தார். லைனின் வேகம், முடியாத களைப்பு, மூச்சுவிட நேரமில்லாமை எல்லாவற்றையும் 1973-ல் புத்தகமாக எழுதினார். வீணைக் குறைப்பது வேறு, மனிதன் இளைப்பாறும் நேரத்தையும் வீண் என்று கணக்கெழுதுவது வேறு. நாளை அப்ரண்டிஸாகப் போகப் போகிற நாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றாக வேண்டும். ஓனோவைப் புகழ்கிற பல புத்தகங்கள் கமாத்தாவின் பெயரைக் கூடச் சொல்வதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஜப்பான் கம்பெனிகள் தடுமாறின. டொயோட்டா மற்றவர்களைவிடச் சீக்கிரம் நிமிர்ந்தது. அப்போதுதான் எல்லோரும் இந்தச் சீட்டு மனிதரைத் திரும்பிப் பார்த்தார்கள். 1975-ல் செயல் துணைத் தலைவரானார். 1978-ல் அந்தப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார், அதே வருஷம் தன் முறையைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 1988-ல் அது ஆங்கிலத்தில் வந்தது. 1990 மே 28 அன்று டொயோட்டா நகரத்தில் காலமானார். முன்பு கொரோமோ என்று இருந்த அந்த ஊருக்கு 1959-ல் கம்பெனியின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சரி, பேக்லாக் எங்கே வந்தது? அதை ஓனோ கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை. ஜெஃப் சதர்லாண்ட், கென் ஷ்வேபர் இருவரும் 1995-ல் ஸ்க்ரம் என்ற முறையை வெளியுலகத்துக்கு வைத்தார்கள், ப்ராடக்ட் பேக்லாக் புகழ்பெற்றது அதில்தான். 2001-ல் ஏஜைல் பிரகடனம் வந்தது. 2003-ல் மேரி பாப்பன்டீக், டாம் பாப்பன்டீக் தம்பதி ஓனோவின் ஏழு வீண்களை அப்படியே சாஃப்ட்வேருக்கு மாற்றி எழுதினார்கள். பாதியில் நிற்கும் வேலைதான் சாஃப்ட்வேரின் இருப்பு, யாரும் கேட்காத வசதியைச் செய்து வைப்பதுதான் அளவுக்கு மேல் உற்பத்தி என்றார்கள். அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. இரும்புக் குவியல் கண்ணுக்குத் தெரியும், தடுக்கி விழலாம். சாஃப்ட்வேர் டீமின் குவியல் கம்ப்யூட்டருக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். ஆயிரம் வரி ஆனாலும் இடத்தை அடைக்காது. ஆபத்தே அதுதான்.

நம் ஹைதராபாத்திலேயே நடந்த கதை ஒன்று உண்டு. 2004-ல் மைக்ரோசாஃப்ட் தன் உள் உபயோக சாஃப்ட்வேர்களைப் பராமரிக்க வைத்திருந்த ஒரு டீமின் இன்ஜினீயர்கள் ஹைதராபாத்தில் இருந்தார்கள். 80-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வரிசையில் காத்திருந்தன. ஒன்று முடிய சுமார் ஐந்து மாதம். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதிலேயே கணிசமான நேரம் போய்க் கொண்டிருந்தது. டீமை நடத்திய டிராகோஸ் துமித்ரியுவும் அவருக்கு யோசனை சொன்ன டேவிட் ஆண்டர்சனும் ஓனோவின் வழிக்குப் போனார்கள். முன்கூட்டிக் கணக்குப் போடுவதை நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் கையில் இத்தனை வேலைதான் என்று வரம்பு கட்டினார்கள். ஒன்று முடிந்து இடம் காலியானால்தான், அடுத்து எது வேண்டும் என்று கேட்டவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதே துண்டுச் சீட்டு! 2005 முடிவதற்குள் அந்தக் குவியல் கரைந்துவிட்டது.

கம்ப்யூட்டர் பிரிவு நண்பன் ஒருவனோடு உட்கார்ந்து, நல்ல பேக்லாக் என்றால் என்ன என்று ஓனோ கண்ணால் பார்த்தோம். மேலே இருக்கும் நாலைந்து வேலைகள் சின்னதாக, நாளைக்கே கை வைக்கலாம் என்ற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். கீழே போகப் போகப் பெரிசாக, மங்கலாக இருந்தால் பரவாயில்லை. அடுத்த வருஷம் செய்யப் போவதை இன்று இழை இழையாகப் பிரித்து எழுதுவதும் ஒரு வீண்தான். வரிசையை முடிவு செய்ய ஒரே ஆள் இருக்க வேண்டும். ப்ராடக்ட் ஓனர் என்று அவரைச் சொல்கிறார்கள். ஆளாளுக்கு மேலே ஏற்றினால் எதுவும் மேலே இருக்காது. வாரத்துக்கு ஒரு முறையாவது டீம் உட்கார்ந்து பட்டியலைத் தொட வேண்டும். மாதக்கணக்கில் யாரும் தொடாத வரியை அடித்துவிட வேண்டும். அது நிஜமாகவே முக்கியம் என்றால் கேட்டவர் திரும்ப வருவார். நண்பனுக்கு இந்தக் கடைசி விஷயத்தில் சம்மதமில்லை, நல்ல ஐடியா தொலைந்து போகுமே என்றான். எனக்கென்னவோ அது பரணில் போட்ட பழைய பித்தளைப் பாத்திரம் மாதிரிதான், இருக்கிறது என்ற திருப்தியைத் தவிர வேறு உபயோகம் கிடையாது.

இதை வெறும் சாஃப்ட்வேர் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம் சங்கத்தின் கோரிக்கை நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நாற்பதுக்கும் மேல். வருஷா வருஷம் போன வருஷப் பட்டியலையே பிரதி எடுத்து, கீழே இரண்டைச் சேர்த்து மனு கொடுப்போம். வாங்கிக் கொள்பவருக்கும் வசதி. நாற்பதில் சுலபமான ஒன்றைச் செய்துவிட்டு, பரிசீலனையில் உள்ளது என்று மற்றதற்கெல்லாம் பதில் எழுதிவிடலாம். நீளமான பட்டியல் கேட்கிறவனை விட, தட்டிக் கழிக்கிறவனுக்குத்தான் அதிகம் உதவுகிறது.

இந்த வருஷம் செயற்குழுவில் இதைப் பேசி, மூன்றே மூன்றை மட்டும் எழுதிக் கொடுத்தோம். பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஏதுவாக மாலை லேப் அரை மணி முன்னதாக முடிவது, வொர்க்‌ஷாப்பில் சக் உடைந்து கிடக்கும் லேத். எது முதலில் என்று வாக்குவாதம் வந்தபோது மாணவிகள் பிரதிநிதி ஒருவரே பேசி முடிவு செய்தார். இந்த மலர் அச்சுக்குப் போகும்போது தண்ணீர் வந்துவிட்டது. லேப் நேரம் மாறிவிட்டது. லேத்துக்கு சக் வரவில்லை. அது வரும்வரை நோட்டில் நான்காவது வரி எழுதுவதில்லை என்று தீர்மானம்.